ஹாலுக்கு வந்த கணினி

வீட்டுக் கணினியை டிவியுடன் இணைத்து, பாட்டு, படம், பதிவு செய்த நிகழ்ச்சி எல்லாவற்றையும் ஒரே ரிமோட்டில் இயக்கும் ஏற்பாட்டுக்கு மீடியா சென்டர் என்று பெயர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 1990களின் நடுவில் தொடங்கி ஏறத்தாழ 20 ஆண்டுகள் இது பல வீடுகளின் பழக்கமாகவும் பெரிய நிறுவனங்களின் வியாபார நம்பிக்கையாகவும் இருந்தது. விசிஆரும் டிவிடி பிளேயரும் செய்த வேலையைத்தான் இந்தக் கணினியும் செய்தது என்றாலும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே பாட்டும் படமும் ஹார்ட் டிஸ்கில் கோப்புகளாக இருந்தன. கோப்பை நகலெடுக்கலாம், வெட்டலாம், இன்னொரு அறைக்கு அனுப்பலாம், பத்து வருடம் பத்திரமாக வைத்திருக்கலாம். எதை, எப்போது, எந்தத் திரையில் பார்ப்பது என்ற முடிவு டிவி நிலையத்தாரிடமிருந்து வீட்டாரிடம் வந்தது. மீடியா சென்டரின் வரலாறு பெரும்பாலும் இந்த முடிவைப் பற்றிய இழுபறியின் வரலாறு.

ஐபிஎம் 1981இல் வெளியிட்ட பெர்சனல் கம்ப்யூட்டரில் ஒலிக்கென்று இருந்தது பீப் சத்தம் எழுப்பும் ஒரு சின்ன ஸ்பீக்கர் மட்டுமே. அலுவலக மேஜைக்காகச் செய்த கருவிக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி 1989இல் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர் கார்டு இந்த நிலையை மாற்றியது. விளையாட்டுகளுக்கு இசை தந்ததோடு, மைக்கில் பேசியதை எண்களாக மாற்றிச் சேமித்து வைக்கவும் அதனால் முடிந்தது. 1991இல் மைக்ரோசாஃப்டும் கணினித் தயாரிப்பாளர்கள் சிலரும் எம்பிசி என்ற தரக்குறியை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் குறியைப் பெட்டியில் ஒட்ட வேண்டுமானால் 2 மெகாபைட் நினைவகம், 30 மெகாபைட் ஹார்ட் டிஸ்க், ஒலிக் கார்டு, நொடிக்கு 150 கிலோபைட் படிக்கும் சிடி டிரைவ் ஆகியவை கணினியில் இருக்க வேண்டும். இன்று ஒரு செல்பேசிப் புகைப்படத்துக்கே போதாத நினைவகத்தோடுதான் 'மல்டிமீடியா' என்ற சொல் கணினிப் பெட்டிகளில் ஏறியது.

அதே 1991இல் கொமடோர் நிறுவனம் தன் அமிகா கணினியைக் கறுப்புப் பெட்டியில் அடைத்து, கீபோர்டை நீக்கி, ரிமோட் கொடுத்து, சிடிடிவி என்ற பெயரில் விற்றது. ஆடியோ கருவிகளின் வரிசையில் வைத்தாலும் உறுத்தாத தோற்றம் அதற்கு. ஆனால் அதில் ஓடும் சிடிகள் மிகச் சில. முழுத் திரைக்கு ஓடும் சினிமா அதில் இல்லை. ஹாலுக்குக் கணினியைக் கொண்டுபோகும் யோசனை சரியாகவே இருந்தது. போட்டுப் பார்க்கத்தான் சரக்கு இல்லை.

அந்தச் சரக்கு வந்து சேர ஒரு கணக்கு தீர வேண்டியிருந்தது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் புழங்கிய டிவிப் படத்தை அப்படியே எண்களாக மாற்றினால் ஒரு வரிக்கு 720 புள்ளிகள், 576 வரிகள், நொடிக்கு 25 படங்கள் என்று நொடிக்கு 20 மெகாபைட்டுக்கு மேல் ஆகும். 650 மெகாபைட் கொள்ளும் ஒரு சிடி அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். இத்தாலியரான லியோனார்தோ கியாரிலியோனேயும் ஜப்பானியரான ஹிரோஷி யசுதாவும் 1988இல் கூட்டிய எம்பெக் குழு இந்தக் கணக்கைத் தீர்த்தது. திரையில் அடுத்தடுத்து வரும் இரண்டு படங்களுக்கு இடையே பெரும்பகுதி மாறுவதே இல்லை. செய்தி வாசிப்பவரின் வாயும் கண்ணும் அசைகின்றன. பின்னாலுள்ள சுவர் அசைவதில்லை. ஆகவே சுவரை ஒருமுறை எழுதிவிட்டு, பிறகு மாறிய பகுதியை மட்டும் எழுதினால் போதும். படத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, எந்தச் சதுரம் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று குறித்துக்கொள்வதே எம்பெக்கின் அடிப்படை. 1993இல் தரமாக வெளிவந்த எம்பெக்-1, படத்தின் அளவை 352 புள்ளி, 288 வரியாகக் குறைத்து, 74 நிமிட சினிமாவை ஒரு சிடிக்குள் அடக்கியது.

இதன் குறையும் அந்தச் சதுரங்களில்தான் இருந்தது. மழைக் காட்சியிலும், வண்ணத்தாள் தூவி ஐம்பது பேர் ஆடும் பாட்டிலும் எல்லாப் புள்ளிகளும் ஒரே நேரத்தில் மாறும். நொடிக்கு ஒதுக்கிய எண்கள் போதாமல் திரை கட்டம் கட்டமாக உடையும். அந்தக் காலத்தில் கணினியில் படம் பார்த்தவர்களுக்கு அந்தக் கட்டங்கள் நன்றாகவே நினைவிருக்கும்.

பிலிப்ஸ், சோனி, மட்சுஷிட்டா, ஜேவிசி ஆகிய நிறுவனங்கள் 1993இல் வகுத்த வீடியோ சிடி மேலை நாடுகளில் வேர் பிடிக்கவில்லை. அங்கே வீட்டுக்கு வீடு விசிஆர் இருந்தது. படத்தின் தெளிவும் அதைவிடக் கூடுதலாக இல்லை. சீனா, தென்கிழக்கு ஆசியா, இந்தியா ஆகிய இடங்களில் கதை வேறு. தட்டு மலிவு, ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்காது, எத்தனை முறை ஓட்டினாலும் தேயாது. விசிஆர் வாங்காமலேயே பல வீடுகள் நேராக விசிடிக்கு வந்தன. தமிழ்நாட்டில் கணினி என்ற பொருள் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்ததும் இதே காலத்தில்தான். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் மூன்று தட்டுகளில் வந்தது. ஒரு தட்டு முடிந்ததும் எழுந்துபோய் டிரைவைத் திறந்து அடுத்ததைப் போட வேண்டும். தியேட்டரின் ஒற்றை இடைவேளை வீட்டில் இரண்டாயிற்று.

சென்னை ரிச்சி தெருவில் மதர்போர்டு, ரேம், ஹார்ட் டிஸ்க் என்று தனித்தனியாக விலை பேசி வாங்கி அசெம்பிள் செய்த கணினிகளே அன்று பெரும்பான்மை. பிள்ளைகளின் படிப்புக்கு என்று சொல்லித்தான் வாங்குவார்கள். மானிட்டருக்கு இருபுறமும் சிறு ஸ்பீக்கரும், மேஜைக்கு அடியில் ஒரு வூஃபரும் சேர்ந்ததும் அது வீட்டின் இசைப்பெட்டியாகவும் ஆகிவிடும். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்டோர் உருவாக்கிய ஒலிச் சுருக்க முறைக்கு எம்பி3 என்ற கோப்புப் பெயர் 1995 ஜூலை 14 அன்று முடிவானது. 1997இல் வந்த வின்ஆம்ப் அதை எல்லாருக்கும் எட்டவைத்தது. ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ 1 மெகாபைட் போதும் என்பதால் ஒரே சிடியில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் அடங்கின. ஓர் இசையமைப்பாளரின் பல வருடப் பாடல்கள் ஒரு தட்டில் கிடைத்தது கேட்பவர்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. அந்தத் தட்டுகளில் மிகப் பெரும்பாலானவை உரிமை பெறாத நகல்கள் என்பதும், பர்மா பஜாரில் குவித்து விற்ற திருட்டு விசிடிகள் படத் தயாரிப்பாளர்களையும் கேசட் கம்பெனிகளையும் நேரடியாக அடித்தன என்பதும் இதே கதையின் மறுபக்கம். கோப்பு என்ற வடிவமே நகலெடுப்பதைச் சுலபமாக்கியது. வீட்டாருக்கு அது தந்த சுதந்திரமும் படைத்தவருக்கு அது செய்த கேடும் ஒரே இடத்திலிருந்து வந்தவை.

1996இன் இறுதியில் ஜப்பானிலும் 1997இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்த டிவிடியில் படத்துறை முன்கூட்டியே பூட்டு போட்டிருந்தது. தட்டில் உள்ள படம் சிஎஸ்எஸ் என்ற முறையில் மறைக்கப்பட்டிருக்கும். உரிமம் பெற்ற கருவிக்கே திறவுகோல் உண்டு. லினக்ஸ் கணினிகளுக்கு அப்படி உரிமம் பெற்ற பிளேயர் இல்லாததால், காசு கொடுத்து வாங்கிய தட்டைத் தன் கணினியிலேயே பார்க்க முடியாத நிலை. 1999 அக்டோபரில் இந்தப் பூட்டைத் திறக்கும் டிசிஎஸ்எஸ் என்ற சிறிய புரோகிராம் இணையத்தில் வெளிவந்தது. அதை வெளியிட்டவர்களில் ஒருவரான நார்வேயைச் சேர்ந்த யோன் லேக் யோஹான்சனுக்கு அப்போது வயது 15. அவர் மீது கிரிமினல் வழக்கு தொடுக்கப்பட்டது. தான் விலைக்கு வாங்கிய தட்டைத் தன் கணினியில் பார்ப்பது குற்றமாகாது என்று கண்டு ஆஸ்லோ நீதிமன்றம் 2003 ஜனவரியில் அவரை விடுவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு மாறவில்லை.

பாரிஸில் எகோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்கள் வளாக வலைப்பின்னலில் செயற்கைக்கோள் டிவியைக் கொண்டுவர 1996இல் தொடங்கிய வேலை, 2001இல் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்து விஎல்சி பிளேயர் ஆயிற்று. அதன் ஆரஞ்சு நிறச் சாலைக் கூம்பு, அந்த மாணவர்கள் வேடிக்கையாகச் சேர்த்து வைத்த கூம்புகளின் நினைவு. வேறெதிலும் திறக்காத கோப்பு அதில் திறக்கும் என்ற நம்பிக்கையை அது இன்றுவரை காப்பாற்றி வருகிறது.

வாங்கிய தட்டைப் பார்ப்பது பாதி வேலை. மறுபாதி, டிவி நிகழ்ச்சியைப் பிடித்து வைப்பது. அதற்கு வேண்டியது டியூனர் கார்டு. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய தகரப் பெட்டி ஒன்றும் அதன் முனையில் கேபிள் வயர் திருகும் வாயும் கொண்ட இந்தக் கார்டைக் கணினிக்குள் செருக வேண்டும். தகரப் பெட்டி அலைவரிசையைப் பிரித்தெடுக்கும். புரூக்ட்ரீ நிறுவனத்தின் பிடி848, அடுத்து வந்த பிடி878 போன்ற சிப்புகள் அதை எண்களாக மாற்றும். பல கார்டுகளில் ஒலிக்குத் தனி வழி. கார்டின் பின்புறத்திலிருந்து ஒரு சிறிய வயரை எடுத்து ஒலிக் கார்டின் வாயில் செருக வேண்டும். அந்த வயர் தளர்ந்தால் டிவி ஊமையாகிவிடும். நியூயார்க் மாநிலத்தில் ஹாப்பாக் என்ற ஊரின் பெயரையே வைத்துக்கொண்ட நிறுவனத்தின் வின்டிவி கார்டுகளும், ஏடிஐயின் ஆல்-இன்-வொண்டர் கார்டுகளும் இந்தத் துறையில் பேர்பெற்றவை. கேட்வே நிறுவனம் 1996இல் 31 அங்குலத் திரையும் வயரில்லாக் கீபோர்டும் சேர்த்து டெஸ்டினேஷன் என்ற கணினியை ஹாலுக்கென்றே விற்றுப் பார்த்தது. விலை பல ஆயிரம் டாலர் ஆனதால் பரவவில்லை.

தமிழ்நாட்டில் டியூனருக்கு வேறொரு பயன். கணினி வாங்கிய வீட்டில், விடுதி அறையில், இரண்டாவது டிவி வாங்கும் செலவை அது மிச்சப்படுத்தியது. கணினியை ஆன் செய்யாமலேயே மானிட்டரை டிவியாக்கும் வெளி டியூனர் பெட்டிகள் தனியாக விற்றன. கேபிள்காரர் இழுத்து வந்த வயரை ஒரு ஸ்பிளிட்டரில் பிரித்து ஒன்றை டிவிக்கும் மற்றொன்றைக் கார்டுக்கும் கொடுப்பார்கள். சென்னையில் 2003 செப்டம்பர் 1 அன்று கேஸ் என்ற கட்டுப்பாட்டு முறை நடைமுறைக்கு வந்ததும் கட்டணச் சேனல்கள் செட்டாப் பாக்ஸ் இல்லாமல் தெரியாமல் போயின. டியூனர் நேரடியாக எடுக்க முடிந்தது இலவசச் சேனல்களை மட்டுமே. கட்டணச் சேனல் வேண்டுமென்றால் பாக்ஸிலிருந்து மஞ்சள் வயரைக் கார்டுக்குக் கொடுக்க வேண்டும். அப்போது சேனல் மாற்றும் வேலை கணினியின் கையை விட்டுப் போய்விடும்.

அமெரிக்காவில் இதே தொல்லைக்கு ஒரு கைமருந்து கண்டுபிடித்தார்கள். கணினியிலிருந்து வரும் மெல்லிய வயரின் நுனியில் ஓர் அகச்சிவப்பு விளக்கு இருக்கும். அதைச் செட்டாப் பாக்ஸின் 'கண்' மீது டேப் போட்டு ஒட்டிவிடுவார்கள். ஒன்பது மணிக்கு ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்ய வேண்டுமென்றால், கணினி ரிமோட் போல நடித்து அந்த விளக்கை மினுக்கிப் பாக்ஸில் சேனலை மாற்றும். டேப் காய்ந்து விளக்கு ஓர் அங்குலம் விலகினால் போதும். கணினி தான் கேட்ட சேனல் வந்துவிட்டதாக நம்பி வேறெதையோ ஒரு மணி நேரம் பதிவு செய்து வைத்திருக்கும்.

வீட்டில் பதிவு செய்வது சட்டப்படி சரியா என்ற கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984 ஜனவரியிலேயே பதில் சொல்லியிருந்தது. சோனியின் பீட்டாமேக்ஸ் கருவியை எதிர்த்து யுனிவர்சல் ஸ்டுடியோ தொடுத்த வழக்கில், பின்னால் பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது நியாயமான பயன்பாடே என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. இந்தத் தீர்ப்பு இல்லையென்றால் மீடியா சென்டர் என்ற ஒன்றே இருந்திருக்காது. அந்த நிலத்தில்தான் 1999இல் டிவோவும் ரீப்ளேடிவியும் எழுந்தன. இரண்டும் பார்வைக்குச் செட்டாப் பாக்ஸ். உள்ளே ஹார்ட் டிஸ்க் கொண்ட கணினி. டிவோ லினக்ஸில் ஓடியது. நேரலையை நிறுத்தி வைக்கலாம், பின்னோக்கி ஓட்டலாம், ஒரு தொடரின் எல்லா அத்தியாயங்களையும் தானாகப் பிடிக்கச் சொல்லலாம். விளம்பரங்களைத் தானாகவே தாண்டிச் செல்லும் வசதியைத் தந்த ரீப்ளேடிவி மீது 2001இல் டிவி நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. அதை வைத்திருந்த சோனிக்ப்ளூ நிறுவனம் 2003இல் திவாலானது.

டிவோ தந்ததைத் தன் சொந்தக் கணினியில், மாதச் சந்தா இல்லாமல், தன் விருப்பப்படி செய்துகொள்ள ஆசைப்பட்டவர்கள் பலர். அவர்களில் ஒருவரான ஐசக் ரிச்சர்ட்ஸ், கேபிள் கம்பெனி கொடுத்த பாக்ஸில் சேனல் மாற மெதுவாக இருக்கிறது, நிகழ்ச்சி அட்டவணையில்கூட விளம்பரம் நிறைந்திருக்கிறது என்று சலித்து, 2002இல் மித்டிவி என்ற புரோகிராமை எழுதத் தொடங்கினார். டிவியும் கணினியும் ஒன்றாகும் பெட்டி என்று தொழில்துறை பல வருடம் பேசியும் யாரும் கண்ணால் காணாத அந்தப் 'புராணப் பெட்டி'யைக் குறித்தே அந்தப் பெயர்.

மித்டிவியின் அமைப்பில் ஒரு நல்ல யோசனை இருந்தது. பதிவு செய்யும் கணினியும் காட்டும் கணினியும் வேறு வேறாக இருக்கலாம். டியூனர்களும் பெரிய டிஸ்குகளும் கொண்ட சத்தமான பெட்டி மாடிப்படிக்கு அடியில் கிடக்கும். ஹாலிலும் படுக்கையறையிலும் சின்னக் கணினிகள் அதிலிருந்து இழுத்துக் காட்டும். ஹாலில் பாதி பார்த்து நிறுத்திய இடத்திலிருந்து படுக்கையறையில் தொடரலாம். விளம்பரத்தைக் கண்டுபிடிக்கும் முறையும் நுட்பமானது. அமெரிக்க ஒளிபரப்பில் நிகழ்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் நடுவே ஒரு கணம் திரை கறுப்பாகும். நிகழ்ச்சி ஓடும்போது மூலையில் நிற்கும் சேனல் சின்னம் விளம்பரத்தின்போது மறையும். பதிவு முடிந்ததும் மித்டிவி இந்த இரண்டு அடையாளங்களையும் தேடிக் குறித்து வைக்கும். பார்ப்பவர் ஒரு பொத்தானில் தாண்டிவிடுவார். 2002இல் ஹாப்பாக் வெளியிட்ட பிவிஆர்-250 கார்டு இந்த வேலைக்கு ஏற்றதாக அமைந்தது. எம்பெக்-2 சுருக்கத்தைக் கார்டிலுள்ள சிப்பே செய்துவிட்டதால் சாதாரணக் கணினியும் திணறாமல் பதிவு செய்தது.

ஆனால் பதிவு செய்ய முதலில் எந்தச் சேனலில் எப்போது என்ன என்பது தெரிய வேண்டும். அந்த அட்டவணையை ஸாப்2இட் என்ற சேவை தனிநபர்களுக்கு இலவசமாகத் தந்து வந்தது. 2007 செப்டம்பர் 1 முதல் அது நிற்கும் என்று அறிவித்ததும் ஆயிரக்கணக்கான மித்டிவி பெட்டிகள் குருடாகும் நிலை வந்தது. பயனர்களும் புரோகிராம் எழுதியவர்களும் சில வாரங்களுக்குள் ஷெட்யூல்ஸ் டைரக்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பை உருவாக்கி, அதே தகவலை மொத்தமாக விலைக்கு வாங்கி, உறுப்பினர்களுக்குச் சிறு சந்தாவில் தரத் தொடங்கினார்கள். மீடியா சென்டர் வரலாற்றில் மிகவும் போற்ற வேண்டிய வேலைகளில் இது ஒன்று. கண்ணுக்குத் தெரியாத, யாரும் விளம்பரப்படுத்தாத அட்டவணையில்தான் முழு ஏற்பாடும் நின்றிருந்தது.

மைக்ரோசாஃப்ட் இதே ஆசையை எல்லா வீட்டுக்கும் விற்க முனைந்தது. 2002 அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி மீடியா சென்டர் எடிஷன் வெளிவந்தது. நடுவில் பச்சைப் பொத்தான் வைத்த ரிமோட் கூடவே வந்தது. அதை அழுத்தினால் கணினியின் வழக்கமான திரை மறைந்து, பெரிய எழுத்தில் டிவி, இசை, படங்கள் என்ற பட்டியல் தோன்றும். மேஜைக் கணினியை இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து பார்க்கிறோம், டிவியைப் பத்தடி தூரத்திலிருந்து; ஆகவே எழுத்தும் பொத்தானும் அந்தத் தூரத்துக்குத் தகுந்தபடி இருக்க வேண்டும் என்பதைப் பெரிய அளவில் நடைமுறைப்படுத்தியது இந்த மென்பொருள்தான். இன்று எந்த ஸ்மார்ட் டிவியைத் திறந்தாலும் தெரியும் பெரிய படக்கட்டங்களில் அதன் சாயல் உண்டு. தொடக்கத்தில் இதைத் தனியாக வாங்க முடியாது. ஹெச்பி போன்ற நிறுவனங்களின் புதிய கணினியோடுதான் கிடைத்தது. 2005 இறுதியில் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவி, வீட்டின் இன்னொரு டிவியில் அதே பட்டியலைக் காட்டியது. இன்டெல் 2006 ஜனவரியில் வைவ் என்ற முத்திரையோடு இந்தக் கணினிகளுக்குப் பெரும் விளம்பரம் செய்து, இரண்டொரு ஆண்டில் அமைதியாகக் கைவிட்டது. ஆப்பிளின் ஃபிரண்ட் ரோவும் 2005இல் வந்து 2011இல் மறைந்தது.

இதற்கிடையில் மிகச் சிறந்த மீடியா சென்டர் மைக்ரோசாஃப்டின் பெட்டியிலேயே, அதன் அனுமதியில்லாமல் வளர்ந்துகொண்டிருந்தது. 2001இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவி உண்மையில் 733 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் சிப்பும் 64 மெகாபைட் நினைவகமும் ஹார்ட் டிஸ்கும் கொண்ட கணினிதான்; டிவியில் செருகவே செய்தது. அதைத் திறந்து மாட்சிப் என்ற கூடுதல் சிப்பைப் பற்றவைத்தால் சொந்தப் புரோகிராம்கள் ஓடும். 2002இல் தன்னார்வலர்கள் அதற்கு ஒரு பிளேயர் எழுதினார்கள். அது எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டராக வளர்ந்து 2004 ஜூனில் முதல் பதிப்பை எட்டியது. மைக்ரோசாஃப்டின் உருவாக்கக் கருவிகளைக் கொண்டு தொகுக்க வேண்டியிருந்ததால், உடனே ஓடும் வடிவத்தை அந்தக் குழுவால் சட்டப்படி வெளியிட முடியவில்லை. மூல நிரலை மட்டுமே தந்தது. உயர்தெளிவுப் படங்கள் பரவியதும் அந்தப் பழைய சிப் ஈடுகொடுக்க முடியாமல் போக, 2007இலிருந்து அது லினக்ஸ் கணினிகளுக்கு நகர்ந்தது. மேக் கணினிக்காக அதிலிருந்து பிரிந்தது பின்னாளில் ப்ளெக்ஸ் ஆயிற்று. எக்ஸ்பாக்ஸை விட்டுப் பல வருடம் ஆனபின், 2014இல் தாய்த் திட்டம் கோடி என்று பெயர் மாற்றிக்கொண்டது.

பூட்டுகளின் கதை இதே ஆண்டுகளில் தீவிரமானது. டிஜிட்டல் ஒளிபரப்பில் ஒரு குறியை வைத்து, அந்தக் குறியுள்ள நிகழ்ச்சியை எந்தக் கருவி எப்படிப் பதிவு செய்யலாம் என்று கட்டுப்படுத்தும் விதியை அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2003இல் கொண்டுவந்தது. 2005 ஜூலை 1க்குப் பிறகு விற்கும் கருவிகள் அதற்குக் கட்டுப்பட வேண்டும். நாள் நெருங்குவதற்குள் கட்டுப்பாடற்ற டியூனர் கார்டை வாங்கி மித்டிவி பெட்டி கட்டிக்கொள்ளுங்கள் என்று எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற உரிமை அமைப்பு மக்களைத் தூண்டியது. நூலகர்களின் சங்கம் முன்னின்று தொடுத்த வழக்கில் 2005 மே மாதம் அந்த விதியை நீதிமன்றம் செல்லாததாக்கியது. ஒளிபரப்பு முடிந்த பிறகு வீட்டுக் கருவி என்ன செய்கிறது என்பதில் ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்றது.

கேபிளில் அப்படி வெற்றி கிடைக்கவில்லை. கேபிள் கம்பெனியின் திறவுகோலைத் தாங்கும் கேபிள்கார்டு என்ற அட்டையைக் கணினியில் பயன்படுத்த, ஆலையிலேயே சான்று பெற்ற கணினி வேண்டும் என்ற நிபந்தனை 2009 வரை இருந்தது. சொந்தமாகப் பெட்டி கட்டுபவர்கள்தான் இந்தப் பழக்கத்தின் உயிர். அவர்களைத்தான் அந்த நிபந்தனை வெளியே நிறுத்தியது. அது தளர்ந்து, 2010இல் சீட்டன் நிறுவனம் ஒரே நேரத்தில் நான்கு சேனல் பிடிக்கும் கார்டை வெளியிட்டபோது காலம் கடந்திருந்தது. 'ஒருமுறை நகல்' என்று குறித்த நிகழ்ச்சி, பதிவு செய்த அதே கணினியில்தான் ஓடும். மதர்போர்டு பழுதானால் பதிவுகளும் போயிற்று. ஹார்ட் டிஸ்கில் இருந்தும் கோப்பு வீட்டாருக்குச் சொந்தமில்லாமல் ஆனது இங்கேதான்.

இயந்திரமும் சும்மா இருக்கவில்லை. கணினியின் விசிறிச் சத்தம் ஹாலில் யாருக்கும் பிடிக்காது. வியா நிறுவனம் 2001 முதல் அறிமுகப்படுத்திய 17 சென்டிமீட்டர் சதுர மதர்போர்டுகள் விசிறியே இல்லாத சின்னப் பெட்டிகளுக்கு வழி செய்தன. 2012 பிப்ரவரி 29 அன்று வந்த ராஸ்பெரி பை, கைக்குள் அடங்கும் அளவில், 35 டாலர் விலையில், செல்பேசி சார்ஜரின் மின்சாரத்தில் உயர்தெளிவுப் படத்தை ஓட்டியது. பள்ளிப் பிள்ளைகள் நிரல் எழுதப் பழகுவதற்காகச் செய்த பலகை அது. வாங்கியவர்களில் ஏராளமானோர் டிவிக்குப் பின்னால் மாட்டினார்கள். விலையைக் குறைக்க அதில் எம்பெக்-2 உரிமத்தைச் சேர்க்கவில்லை. பழைய டிவிடிக் கோப்புகள் வேண்டியவர்கள் 2.40 பவுண்டு கட்டித் தனியாகத் திறவுகோல் வாங்கினார்கள்.

நெட்ஃபிளிக்ஸ் 2007 ஜனவரியில் இணையம் வழியே படம் காட்டத் தொடங்கியபோது அதற்கு விண்டோஸ் கணினி தேவைப்பட்டது. மறு ஆண்டே ரோக்கு பெட்டி அந்தத் தேவையை நீக்கியது. 2013இல் வந்த குரோம்காஸ்ட், டிவியில் செருகும் ஒரு சிறு துண்டு. பதிவு செய்து வைக்க வேண்டிய அவசியமே குறைந்தது. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச லேப்டாப் திட்டம், கணினியே இல்லாத லட்சக்கணக்கான வீடுகளுக்குப் படிப்போடு சினிமாவையும் கொண்டுவந்தது. பிறகு பென் டிரைவைச் செருகும் வாய் டிவியிலேயே வந்துவிட்டதால், நடுவில் கணினி தேவையில்லாமல் போனது.

விண்டோஸ் 7 வைத்திருந்தவர்களில் சுமார் 6 சதவீதம் பேரே மீடியா சென்டரைத் திறக்கிறார்கள் என்று மைக்ரோசாஃப்ட் 2011இல் தெரிவித்தது. விண்டோஸ் 8இல் அது தனிக் காசுக்கு விற்கும் துணைப்பொருளாயிற்று. 2015இல் வந்த விண்டோஸ் 10இல் இல்லவே இல்லை. மீடியா சென்டரின் துணைப் புரோகிராமாகப் பிறந்த மீடியா பிரவுசர், எம்பி என்று பெயர் மாறித் தனியே நின்றது. எம்பி தன் மூல நிரலை மூடியபோது, அதை ஏற்காதவர்கள் 2018 டிசம்பரில் பிரிந்து ஜெல்லிஃபின் என்ற கட்டற்ற மென்பொருளைத் தொடங்கினார்கள். மாடிப்படிக்கு அடியில் ஒரு பெட்டி, வீடெங்கும் திரைகள் என்ற மித்டிவியின் ஏற்பாடு அதில் இன்றும் ஓடுகிறது.

பழைய மீடியா சென்டருக்கு நிகழ்ச்சி அட்டவணை அனுப்புவதை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் நிறுத்தியது. அதுவரை பச்சைப் பொத்தானை விடாதவர்களின் திரையில் சேனல் பெயர்கள் இருந்தன, எதிரே நிகழ்ச்சி இல்லை. அவர்களில் பலர் ஒரு தன்னார்வலர் எழுதிய சிறு கருவியைப் பொருத்தி, 2007இல் மித்டிவிக்காரர்கள் கூடி அமைத்த ஷெட்யூல்ஸ் டைரக்டில் சந்தா கட்டி, அட்டவணையைத் திரும்ப வரவழைத்துக்கொண்டார்கள்.